மேல் அடுக்குச் செடிகள்

செப்டம்பர் 3

இல்லை, முக்காலியை நான் ஒளித்து வைக்கவில்லை. செடி வளர்ப்பறையில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் என் பையை வைத்திருக்கிறேன். பை இருந்தால் யாரும் உட்காரமாட்டார்கள். ஆய்வகத் தோழன் தினகரன் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றேன்.

அதன் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் 'ரெக்ஸி' என்று எழுதியிருக்கும். மேல் அடுக்குக்கு அவளுக்குக் கை எட்டாது. முக்காலியில் ஏறி நின்றுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

எங்கள் கைடு வசுமதி மேடம் மதியம் கூப்பிட்டார். ரெக்ஸியின் ஆய்வுக்கட்டுரைக்கு இதழிலிருந்து பதில் வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். இன்னொருவர், முக்கியமான சோதனையை ஒருமுறை புதிதாகச் செய்து காட்டச் சொல்கிறார். செடிகள் உரிய காலத்தில் பூக்கின்றனவா என்று.

"நீதான் செய்யணும் கோகிலா. அவ கை உனக்குத்தான் தெரியும்."

கட்டுரை வெளிவந்தால் பல்கலைக்கழகம் அவளுக்கு முனைவர் பட்டம் கொடுக்கும். இறந்தவர்களுக்கும் கொடுக்க விதி இருக்கிறதாம். வெளிவராவிட்டால் இல்லை.

ரெக்ஸலின் ஜூன் மாதம் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். எழுதிப் பார்த்தால் ஒரு வரிதான் வருகிறது.

செப்டம்பர் 4

ரெக்ஸியின் அம்மா, லூர்தம்மா, வேம்பாரிலிருந்து போன் செய்தார். மேடம் அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

"என்னத்தம்மா திருப்பிச் செய்யச் சொல்லுதாவ? அவ செஞ்சது போதாதாமா?"

ரெக்ஸி அவருக்கு எப்படிச் சொல்லியிருந்தாளோ அப்படியே சொல்லப் பார்த்தேன். செடிக்குள் ஒரு மரபணு இருக்கிறது. அது பேசினால் பூப்பது தள்ளிப்போகும். அதனால் செடி அதன் வாயை மூடி வைக்கிறது. மூடுவதற்கு ஓர் ஏற்பாடு. ஒரு சின்ன ஆர்என்ஏத் துண்டு, விலாசம் எழுதிய சீட்டு மாதிரி. ஒரு புரதம் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டிஎன்ஏவில் சரியான வீட்டைத் தேடிப் போகும். அங்கே போய் இன்னொரு புரதத்தைக் கூப்பிடும். அது வந்து, அந்த வீட்டின் எழுத்துகள்மேல் மீத்தைல் என்ற பொட்டை வைத்துவிட்டுப் போகும். பொட்டு வைத்த மரபணு அழிவதில்லை. வாசிக்கப்படுவதில்லை. அவ்வளவுதான்.

"சீட்டப் புடிச்சிட்டுப் போறது கணவாய்லா?" என்றார் லூர்தம்மா.

அது ரெக்ஸி வைத்த பெயர். புரதத்தின் பெயர் ஆர்கோனாட். அந்தக் குடும்பத்தில் ஒரு புரதம் கெட்டுப்போன செடியின் இலைகள் குட்டிப் பேய்க்கணவாய் மாதிரி, எட்டுக் கால் ஆக்டோபஸ் மாதிரி, சுருண்டு இருந்தனவாம். அந்தக் கணவாயின் பெயரையே வைத்துவிட்டார்கள். இதை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது ரெக்ஸி சத்தமாகச் சிரித்தாள். எங்க ஊர் மீன் ஏலத்துல கெடக்குறது இங்க பரீட்சைக்கு வருது என்றாள்.

ஆமாங்கம்மா, கணவாய்தான் என்றேன்.

"எங்க இருந்துட்டி செடிக்குள்ள கணவாய் வந்துதுன்னு கேட்டேன் அவகிட்ட. ஒனக்கு வெளங்காதும்மா, கொழம்ப வையின்னா." சிரித்தார்.

செப்டம்பர் 6

விதைத்தேன். விதை தூசி மாதிரி. ஈரமான பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து மண்ணில் வைக்க வேண்டும். இருமினால் ஒரு தலைமுறை போய்விடும் என்பாள்.

மூன்று வகை. கணவாய் இல்லாத செடி. இது தாமதமாகத்தான் பூக்கும். ஒழுங்கான கணவாயைத் திருப்பிக் கொடுத்த செடி. இது காலத்தில் பூக்கும். மூன்றாவது, ரெக்ஸியின் கணவாய். அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை அவள் மாற்றியிருந்தாள். சீட்டைப் பிடிக்கும் பிடி தளர்ந்த கணவாய். பிடி தளர்ந்தாலும் அது வேலையைச் செய்துவிடும் என்பதுதான் அவளுடைய நான்கு வருடம். செடி காலத்தில் பூத்தால் அவள் சொன்னது சரி.

முளைக்கும்முன் விதைக்குக் குளிர் காட்டுவதற்காக டிரேக்களைக் குளிர்பெட்டியில் வைத்தேன். 'உணவுப் பொருட்கள் வைக்கக் கூடாது' என்ற தாளுக்குப் பின்னால் அவளுடைய மாசிக் கருவாட்டு டப்பா இன்னும் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 9

டிரேக்களை வெளியே எடுத்து அடுக்கினேன். இந்த முறை எல்லாவற்றுக்கும் கீழ் அடுக்கிலேயே இடம் இருந்தது. ரெக்ஸியின் செடிகளில் பாதியை மட்டும் மேல் அடுக்கில் வைத்தேன். அது அவள் இடம். காரணம் கேட்டால் சொல்ல முடியாது.

செப்டம்பர் 13

முளைத்துவிட்டது. பச்சைப் புள்ளிகள்.

செப்டம்பர் 17

வீட்டிலிருந்து போன். கோபியில் ஒரு மாப்பிள்ளை, வங்கியில் வேலை. "போட்டோ அனுப்பியிருக்குது கண்ணு, பாத்தியா?" என்றாள் அம்மா. பார்க்கிறேன் என்றேன்.

ரெக்ஸியின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன். விட்டுவிட்டால் எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம்.

செப்டம்பர் 22

ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்கிறார். வளர்ப்பறைக்குள் போனால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. மேல் அடுக்குக்கு முக்காலியில் ஏறித்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். எனக்கு ஏறாமலே எட்டும்.

தினகரன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஆத்தா, அது ரெக்ஸி மாதிரி குள்ளச்சிகளுக்குப் போட்டது. நீ ஏறுனா சீலிங்ல தலை இடிக்கும்."

இடித்தது.

செப்டம்பர் 29

ஏசி சரியாகிவிட்டது. ஏதோ கெப்பாசிட்டராம். இலைகள் நன்றாக விரிந்திருக்கின்றன. தரையோடு ஒட்டி, பூப்போலவே வட்டமாக. பூ மட்டும் இல்லை.

அக்டோபர் 5

பூத்துவிட்டது!

காலையில் தினகரன்தான் முதலில் பார்த்தான். மேல் அடுக்கு. ரெக்ஸியின் செடிகள். தண்டு நீண்டு, நுனியில் வெள்ளை. ஒன்றில் இல்லை, ஏறக்குறைய எல்லாவற்றிலும். "ஏய் கோகிலா, ஓடியா, குள்ளச்சி ஜெயிச்சுட்டா!" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினான். மேடம் தன் அறையிலிருந்து செருப்புப் போடாமல் வந்தார். மூன்று பேரும் ஏதோ பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேடம் மூக்கை உறிஞ்சினார். ஏசி குளிர் என்றார்.

நான் வெளியே வந்து லூர்தம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பூத்துட்டா? எம்மா, பூத்துட்டா? எத்தன பூவு?"

"நெறைய இருக்குதுங்கம்மா. வெள்ளையா, பொடிசு பொடிசா."

"சேசுவே" என்றார். "அப்ப டாக்டர்னு போட்டுரலாம்லா? கல்லறைக்கு எழுத்து வெட்டுத ஆளு கேட்டுக்கிட்டே கெடக்காரு. கல்லறத் திருநாளுக்குள்ள முடிச்சாகணும். பேருக்கு முன்ன எடம் விட்டு வச்சிருக்கோம்."

நவம்பர் இரண்டு. இறந்தவர்களின் நாள். அன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுமாம். ரெக்ஸி தன் தாத்தாவுக்காக வருடாவருடம் விடுப்பு எடுப்பாள்.

"போடுங்கம்மா" என்றேன்.

இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 8

கீழ் அடுக்கில் ஒழுங்கான கணவாய்ச் செடிகள் பூத்துவிட்டன. அதே கீழ் அடுக்கில் இருக்கும் ரெக்ஸியின் செடிகள் பூக்கவில்லை. இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கின்றன.

இரண்டு நாளில் பூக்கும்.

அக்டோபர் 11

பூக்கவில்லை. தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். என் கை சரியில்லை.

அக்டோபர் 12

மேல் அடுக்கின் டிரேயை இறக்கி இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை இலை விட்டபிறகு பூத்தது என்பதுதான் கணக்கு. மூலைத் தொட்டியில் இருந்த பெயர்க்குச்சியைப் பார்த்தேன். அது ரெக்ஸியின் செடி அல்ல. கணவாய் இல்லாத செடி. அடுக்கும்போது தவறிச் சேர்ந்திருக்கிறது.

அதுவும் பூத்திருக்கிறது.

அது இவ்வளவு சீக்கிரம் பூக்கக் கூடாது.

குச்சியை இருந்த இடத்திலேயே குத்திவிட்டு, டிரேயை மேலே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். மெஸ்ஸில் வத்தக்குழம்பு.

அக்டோபர் 13

யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 14

தினகரனிடம் மட்டும் சொன்னேன். அவன் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஒரு தொட்டி. குச்சி மாறியிருக்கும். விடு."

"குச்சி மாறலை. டிஎன்ஏ எடுத்துப் பாத்துட்டேன்."

"எப்ப பாத்த?"

"நேத்து."

"அப்ப யார்கிட்டயும் சொல்லாம பாத்திருக்க." இப்போது திரும்பினான். "கோகிலா, ரிவ்யூவர் என்ன கேட்டான்? பூத்துச்சான்னு கேட்டான். பூத்துச்சு. போட்டோ இருக்கு. அந்தம்மா கல்லுல எழுதுறாங்க. நீ எதுக்கு இன்னும் தோண்டுற?"

ரெக்ஸியாக இருந்தால் தோண்டியிருப்பாள். ஒருமுறை என்னுடைய சோதனைப் படத்தில் ஒரு பட்டை சற்று மங்கலாக இருந்தது. அதற்காக ஒரு வாரம் என்னை விடவில்லை. 'ஏட்டி கோகி, ஒனக்குப் புடிச்ச பதிலு வந்தா ரெண்டு தடவ பாரு. புடிக்காதது வந்தா ஒரு தடவ போதும்.'

அக்டோபர் 15

பூவைப் பார்த்துச் சொல்வது ஒன்று. மீத்தைல் பொட்டு இருக்கிறதா என்று நேரே பார்ப்பது இன்னொன்று. டிஎன்ஏவை ஒரு உப்பில் ஊறவைக்க வேண்டும். பொட்டு இல்லாத எழுத்து மாறிப்போகும். பொட்டு இருக்கும் எழுத்து தப்பும். பிறகு வாசித்தால் தெரிந்துவிடும். ரெக்ஸி அதைக் கடைசியாகச் செய்வதற்கு வைத்திருந்தாள். அதற்குள் காய்ச்சல்.

கோடையில் அவள் வளர்த்த செடிகளின் இலை உறைபெட்டியில் ஒரு குழாயில் இருக்கிறது. ஒரே குழாய். மூடிமேல் அவள் எழுத்து. 'க' என்று போட்டு எட்டுக் கால் வரைந்திருக்கிறாள்.

அவள் கிள்ளிய இலை. வேறு எதுவும் அவள் விரல் பட்டதாக இங்கே மிச்சமில்லை. மாசி டப்பா, முக்காலி, கோட்டு தவிர.

குழாயை எடுத்தேன். உறைபனி பிடித்த விரல் எரிந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16

எடுத்தேன். திரவ நைட்ரஜனை உரலில் ஊற்றி, இலையைப் போட்டு அரைத்தேன். கண்ணாடி மாதிரி நொறுங்கியது. பிறகு பச்சை மாவு. அரைக்கும்போது அவளுடைய லேப் கோட்டைப் போட்டிருந்தேன். கை முழங்கைக்குச் சற்றுக் கீழேதான் வரும்.

குழாயைக் கழுவி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 18

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 24

முடிவு வந்தது. ஒழுங்கான கணவாயில் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ரெக்ஸியின் கணவாயில் இல்லை. என் கீழ் அடுக்குச் செடியில் இல்லை. என் மேல் அடுக்குச் செடியில் இல்லை. அவள் கோடையில் கிள்ளிய இலையில் இல்லை. எல்லா எழுத்தும் மாறியிருந்தது.

அவள் சொன்னபடி ஒரு தடவைதான் பார்த்தேன்.

பிடி தளர்ந்த கணவாய் வீட்டைச் சென்று சேரவில்லை. மரபணுவின் வாய் மூடப்படவே இல்லை. அப்படியானால் செடி ஏன் பூத்தது?

மாலை முக்காலியில் ஏறி உட்கார்ந்தேன். தலைக்கு மேல் குழல்விளக்குகள். கன்னத்தில் சூடு. ஏசி ஓடும்போதே சூடு.

இந்தச் செடி வெப்பம் கூடினால் அவசரப்பட்டுப் பூக்கும். முதலாண்டுப் பாடம் அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஏப்ரலில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டும்தான் ஓடும், ஏசிக்கு ஓடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மேல் அடுக்கு அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும். கீழே அவ்வளவு இல்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான செடிகள் இரண்டு பேருக்கும் பொது. இருவரும் ஒரே தொகுப்பாக வளர்த்தோம். அவை என் செடிகளோடு கீழே இருந்தன. அவளுடையது மட்டும் மேலே.

ஏப்ரலில் இடம் பிரித்தபோது நடந்தது நினைவிருக்கிறது.

"கீழ் அடுக்க நீ எடுத்துக்கிடு கோகி. ஒன் செடிக்குச் சூடு ஆகாதுன்னு மேடம் சொன்னாவல்லா."

"உன்னோடது?"

"என் பிள்ளைய கடக்கரைப் பிள்ளையட்டி. வெயிலு தாங்கும்."

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, ஏறி நின்று, மேலே இருந்து என்னைப் பார்த்தாள். இப்பத்தான் ஒன் உச்சி தெரியுது என்றாள். என் உச்சந்தலையில் விரலை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

என் செடிகள் நன்றாக இருந்தன. என் கட்டுரை வந்துவிட்டது.

அக்டோபர் 25

மேடத்திடம் எல்லாவற்றையும் வைத்தேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"பொட்டு இருக்கான்னு அவங்க கேக்கவே இல்லையேம்மா."

"ஆமாங்க மேடம்."

"பூத்த செடி நம்மகிட்ட இருக்கு. அனுப்பினா ஏத்துப்பாங்க."

"ஏத்துப்பாங்க."

வெளியே யாரோ ஆட்டோகிளேவ் நீராவிப் பெட்டியைத் திறந்தார்கள். அகர் வேகும் வாசனை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த அடுக்கோட வெப்பநிலைய நான் கேட்டிருக்கணும். கைடு நான்தானே. நாலு வருஷம் அந்தப் பொண்ண நான் கேள்வி கேட்டே கொன்னேன். இத மட்டும் கேக்கலை." 'கொன்னேன்' என்றதும் நிறுத்திக்கொண்டார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா கோகிலா. நான் அனுப்புறேன்னும் சொல்லலை, அனுப்பலைன்னும் சொல்லலை. நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடறேன்."

இந்தக் கட்டுரையைப் பார்த்து இன்னொருவர் பிடி தளர்ந்த கணவாயை நம்பி நான்கு வருடம் செலவழிப்பார். எங்கோ ஓர் ஊரில். அவருக்கும் ஒரு முக்காலி இருக்கும். இப்படியெல்லாம் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவளுக்கு இது பிடிக்காதுங்க மேடம்."

மேடம் தலையை ஆட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். நான்கு வரி.

லூர்தம்மாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். வேண்டாம், பூத்துவிட்டது என்று சொன்னவள் நான் என்றேன்.

அக்டோபர் 28

போனை எடுத்தேன். வைத்தேன். இதைப் போனில் சொல்ல முடியாது.

அக்டோபர் 29

அவரே கூப்பிட்டார். "எழுத்து வெட்டியாச்சும்மா. கறுப்புப் பெயின்ட் ஊத்தி ஜோரா இருக்கு. நீ திருநாளுக்கு வா. வந்து பாரு."

வருகிறேன் என்றேன். எதற்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 2

விடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை, விளாத்திகுளம். பிறகு உடைமரங்கள், உப்புக்காற்று. மடியில் சம்பங்கி மாலை வாடிக்கொண்டே வந்தது.

கல்லறைத் தோட்டம் கோவிலுக்குப் பின்னால், மணலில். கடல் தெரிகிறது. ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடினார்கள். பெண்கள் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் அப்பாவின் கல்லறைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரெக்ஸி சொல்லியிருக்கிறாள். எங்க ஊர்ல செத்தவியளத்தான் நல்லாப் பாத்துக்கிடுவாவ.

லூர்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னை மட்டைத் தூரிகையால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ரெக்ஸி அளவுக்குத்தான் உயரம். என்னைப் பார்த்ததும் தூரிகையோடு வந்து கட்டிக்கொண்டார். என் தோளில் சுண்ணாம்பு.

"பாரு" என்று கூட்டிப்போனார்.

புதுக் கல்லறை. தலைமாட்டில் வெள்ளையடித்த கல். கறுப்பு எழுத்து.

டாக்டர் ச. ரெக்ஸலின்.

'டாக்டர்' மற்ற எழுத்துகளைவிடச் சற்று நெருக்கமாக இருந்தது. விட்டுவைத்த இடம் போதவில்லை போல.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க."

சொன்னேன். மணலில் உட்கார்ந்து சொன்னேன். பூத்தது கணவாயால் அல்ல, சூட்டால். பொட்டு இல்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டோம். பட்டம் வராது. பேசும்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்தபிறகு அவரைப் பார்த்தேன்.

"நீதான் போன்ல சொன்ன, பூத்துட்டுன்னு."

"ஆமாங்கம்மா."

"போடுங்கன்னு சொன்ன."

"சொன்னேனுங்க."

"இப்ப இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த? திருநாளும் அதுவுமா?" குரல் உயர்ந்தது. பக்கத்துக் கல்லறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பேசாம இருந்திருக்கலாம்லா. இந்த ஊர்ல எவனுக்குத் தெரியப் போவுது? யாரு வந்து கேக்கப் போறாவ?"

யாரும் கேட்கமாட்டார்கள். அதைத்தான் நானும் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் தூரிகையை வாளியில் போட்டார். வாளிக்குள் பார்த்தபடியே கேட்டார்.

"எம் பிள்ள தப்புப் பண்ணிட்டாளா?"

"இல்லீங்கம்மா. மேல் அடுக்குல சூடு அதிகம். அவ செடி மேல இருந்துச்சு. அதான்."

"எதுக்கு மேல வச்சா? சூடுன்னு அவளுக்குத் தெரியாதா?"

"கீழ் அடுக்கை எனக்குக் குடுத்துட்டாங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது, இங்கேகூட எழுதாதது, எல்லாவற்றையும் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவர் முகம் கலைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"அப்படித்தான் அவ. மீனு வச்சா நடுத்துண்ட எடுத்து அடுத்தவ தட்டுல வச்சிட்டு, எனக்குத் தலைதான் புடிக்கும்பா. தலையே புடிக்காது அவளுக்கு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "ஒன்கிட்டயும் அப்படிச் சொன்னாளாக்கும்."

"கடக்கரைப் பிள்ளைக, வெயில் தாங்கும்னு சொன்னா."

"சொல்லுவா."

பக்கத்தில் யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். லூர்தம்மா எழுந்தார். தூரிகையை வாளியில் முக்கி எடுத்து, கல்லின் முன்னால் குந்தினார். 'டாக்டர்' மேல் ஒரு இழுப்பு. கறுப்பு சாம்பலானது. இன்னொரு இழுப்பு.

"வேண்டாங்கம்மா, இருக்கட்டும்" என்றேன்.

"இல்லாதத எழுதி வச்சா அவளுக்கு ஆவாது. பள்ளிக்கூடத்துல ஒரு மார்க்கு கூடப் போட்டுட்டாவன்னு திரும்பப் போயிச் சொல்லிட்டு வந்தவ." இன்னொரு இழுப்பு. "அப்பவும் நான்தான் ஏசுனேன்."

எழுத்து மறைந்துவிட்டது. ச. ரெக்ஸலின் மட்டும் இருந்தது, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி. ஈரமான வெள்ளைமேல் விரலை வைத்தேன். அடியில் வெட்டு தட்டுப்பட்டது. 'டா'வின் வளைவு. புள்ளி.

"மழைக்கு இது போயிரும்" என்றார் லூர்தம்மா. "வருசா வருசம் வந்து பூசணும்."

"நான் வர்றேனுங்கம்மா."

அவர் தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, மெழுகுவத்தி வாங்கப் போனார். நான் இன்னொரு கை பூசினேன்.

நவம்பர் 3

காலையில் வளர்ப்பறைக்குப் போனேன். முக்காலியிலிருந்து பையை எடுத்துச் சுவரில் மாட்டினேன். மேல் அடுக்கு விளக்குகளை அணைத்தேன்.

கீழ் அடுக்கில் ரெக்ஸியின் செடிகளில் ஒன்று பூத்திருந்தது. மிகத் தாமதமாக. இலைகளை எண்ணினேன். குச்சியில் தேதி எழுதினேன். மற்றவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.